வாழ்க்கை வற்றிய முகங்களை எழுதிய ஐயாவுக்கு

ஊவா மலைகளின் மழையையும் மண்சரிவையும் இருபத்தோராண்டு எழுத்தில் ஏந்திய ஏந்தலே! பெரகலச் சந்தியில் பஸ் தவறினால் நடந்தேனும் செய்தி சேர்த்த செயல்வீரரே! எங்கள் வாரப் பத்திரிகையின் ஆசிரியரே, அன்புக்குரிய கனகசுந்தரம் ஐயா அவர்களே!

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளைக் குளிருக்குப் பழகிய நீங்கள், மற்றவர்கள் தேயிலைத் தோட்டத்து மக்களை எண்ணிக்கையாக எழுதிய காலத்தில் முகங்களாக எழுதினீர்கள். “உழைப்பு உழுத முகம்”, “ஒட்டிய கன்னம்”, “கேள்விகள் உறைந்த கண்கள்” எல்லாம் உங்கள் பேனாவில் பிறந்தவை. இப்பிரியாவிடை மடலுக்காகப் பழைய இதழ்களைப் புரட்டிய பக்க வடிவமைப்பாளர் ஜுனைதீன், வேலைநிறுத்தம் என்றால் ஒட்டிய கன்னம், வெள்ளம் என்றால் உறைந்த கண், தேர்தல் என்றால் இரண்டும் என்று கணக்குச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். அச்சொற்களைப் படித்துத்தான் அதிகாரிகள் மலையேறி வந்தார்கள் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. சிரித்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

பிரிவுப் பரிசாக, 1997இல் நீங்கள் எடுத்துப் புகழ்பெற்ற படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தருவதென முடிவாயிற்று. கொழுந்துக்கூடையைச் சுமந்த பெண். இறுகிய உதடு, இடுங்கிய கண். கீழே உங்கள் வரி: “வாழ்க்கை வற்றிய முகம்: தோட்டத் தாய் ஒருத்தி.”

அந்தத் தாய்க்குப் பெயர் வேலாயி. இம்மடலை எழுதப் பணிக்கப்பட்டவளின் அம்மா. பல்கலைக்கழகக் கண்காட்சி ஒன்றில் இப்படத்தின் முன்னால் நின்று, தோழிகள் உச்சுக்கொட்டியபோது, அது யாரென்று சொல்லாமல் நகர்ந்தவள் நான். இந்தப் பணிமனையிலும் இரண்டாண்டு சொல்லவில்லை. போன வாரம்தான் சொன்னேன். அப்படியானால் அம்மாவின் சம்மதம் இல்லாமல் படத்தைத் தரக்கூடாது என்றார் ஜுனைதீன். அம்மா மறுக்க வேண்டும் என்ற ஆசையோடுதான் தோட்டத்து வரிசைவீடான எங்கள் லயத்துக்குப் போனேன்.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அன்று தேயிலை மலைக்குள் வந்த உங்கள் காற்சட்டைக்குள் அட்டை ஏறிவிட்டதாம். நீங்கள் ஒற்றைக் காலில் குதித்ததைப் பார்த்து மலை முழுக்கச் சிரித்ததாம். அட்டையைப் பிடுங்கி எறிந்ததும் கமராவைத் தூக்கி, “அம்மா, கொஞ்சம் சிரியாமல் நில்லுங்கோ, பேப்பருக்கு வேணும்” என்றீர்களாம். அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாராம். நாடே கலங்கிப் பார்த்த சோகம், ஐயா, ஓர் அட்டைக்கடியால் வந்தது.

அப்படியானால் அந்தப் படம் பொய்தானே என்று கோபமாகக் கேட்டேன். அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“பொய்யின்னு யாருடி சொன்னா? களைப்பும் இருந்துச்சு, சிரிப்பும் இருந்துச்சு. ஒங்க ஐயாவுக்கு ஒண்ணுதான் கண்ணுல பட்டுருக்கு. படம் வந்த மறுமாசம் லயத்துக்குப் புதுத் தகரம் வந்துச்சே, அதையும் எழுது.”

சிரிக்கும் முகத்தை நீங்கள் அச்சிட்டிருந்தால் தகரம் வந்திருக்குமா? அந்தத் தகரத்தின் கீழ்தான் நான் நனையாமல் படித்துப் பட்டம் பெற்றேன். நன்றி சொல்வதா, சண்டை பிடிப்பதா? மூன்று முறை எழுதிக் கிழித்தேன். உங்கள் நேர்மையைக் குறைசொல்ல எங்களில் ஒருவராலும் முடியாது. நீங்கள் எவரையும் ஏமாற்ற நினைத்ததில்லை. ஆனாலும் இருபத்தோராண்டில் எத்தனை பேரை இப்படிச் சிரிக்காமல் நிற்க வைத்தோம் என்று எண்ணினால் நெஞ்சு குழம்புகிறது. வரும் மழைக்கு எங்காவது மண் சரியும். அந்த முகங்களின் கீழே நாங்கள் என்ன எழுதுவோம் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

அம்மா சம்மதித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை: “அந்த எழுத்த எடுத்துட்டு எம்பேரப் போட்டுக் குடு.” அவ்வாறே செய்திருக்கிறோம். படத்தின் கீழே இப்போது “வேலாயி, கொழுந்து பறிப்பவர், பெரகல” என்பது மட்டுமே உள்ளது. உங்கள் அழகிய வரி அங்கே இல்லை. பொறுத்தருள்க.

ஓய்வின் நாட்கள் உங்களுக்கு நோயின்றி நீள்க! ஊரிலே உறவு சூழ வாழ்க! வயது உங்கள் முகத்திலும் தன் கோடுகளை இழுக்கும். அதை வர்ணிக்க ஒருவர் பேனாவோடு வந்தால், முதலில் அவர் உங்கள் பெயரைக் கேட்கட்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
பணிமனைத் தோழர் அனைவரும்
எழுதியவர்: அ. விஜயலெட்சுமி
பதுளை, 31 மார்ச் 2006