முதுகு மறைத்த காற்று

ஆபத்தான காரியத்தில் இறங்கிவிட்ட ஒருவரை நேசிப்பவர், அவரைத் தடுக்க வேண்டுமா, அந்த ஆபத்தைக் குறைக்க வேண்டுமா? எண்பதுகளின் தொடக்கத்தில், அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்குச் சென்ற பஸ்ஸில் இந்தக் கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது. முன் ஆசனத்தில் ஒரு மெக்கானிக்கும் அவருடைய மனைவியும் இருந்தனர். பழைய கார் எஞ்சினைப் பூட்டி, தலைக்கு மேல் காற்றாடி சுழலும் ஒற்றை ஆள் விமானமொன்றை அவர் வீட்டிலேயே செய்திருப்பது பேச்சிலிருந்து புரிந்தது.

"ஒங்கட முதுகுதான் எஞ்சினக் கொதிக்க வைக்கிது," என்றார் மனைவி.

"என்ன புள்ள விசர்க்கதை? பெரிய ரேடியேட்டர் போட்டாச் சரி."

"பாரம் கூடுமே! களத்தில நெல்லுத் தூத்தக்குள்ள காத்துக்கு முன்னால ஆள் நிண்டா பதர் பறக்குமா? ஒங்கட சீட்டுக்குப் பின்னாலதானே ரேடியேட்டர் இரிக்கி."

அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப பக்கத்துக்கு எடுக்கவா?"

"ஓம். சுத்தித் தகரம் அடைங்க. காத்து விலகிப் போகாம அதுக்குள்ளால போகட்டும்."

"பறக்க வேணாமெண்டு நேத்து அழுதாய்?"

"இப்பவும் அழுகைதான் வருகுது. அதுக்காக எஞ்சின் நடுவானத்தில நிக்கோணுமா? மூணு நாள் நிலத்தில ஓட்டிக் காட்டுங்க. அதுவரைக்கும் எஞ்சின்ட திறப்பு என்ட இடுப்பிலதான்," என்று இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தட்டினார்.

"எஞ்சினியர் சொன்னாச் சரிதான்," என்று அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போது நான், தொழில் உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் ஓர் அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். அதன்பின் எந்த விண்ணப்பத்தையும் 'ஆபத்தானது' என்று மட்டும் எழுதி நான் திருப்பி அனுப்பவில்லை. எதை மாற்றினால் ஆபத்துக் குறையும் என்பதையும் சேர்த்தே எழுதினேன்.