பாடினேனா, பாடினோமா

— விளக்கைச் சுவரோட ஒட்டிப் பிடிங்க, கிளெமன்ட். நேரா அடிச்சா எழுத்து செத்துப்போகுது. பக்கத்துலேர்ந்து வரணும் வெளிச்சம்.

— இப்படியா?

— இன்னும் சாய்ச்சு. ஆங், ஆடாம நில்லுங்க. அந்த வரி 'பாடினேன்'ல முடியலை. அதுக்கப்புறமும் கீறல் இருக்கு.

— அதெப்படிம்மா இருக்கும்? பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இந்த ஊர்ல அந்த வரி தெரியும். 'எல்லாரும் இறந்தார். பாடினேன்.' அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி கொள்ளைநோய் வந்து ஊரே போனப்ப, மிச்சமான ஒரே ஒருத்தன் ஆணியால கீறி வெச்சது. இதுக்குத் தனியாள் சுவர்னுதான் பேரே.

— நீங்க எல்லாரும் பாத்தது பாதிதான். மீதியைச் சுண்ணாம்பு மூடிக்கிடக்கு. அதைச் சுரண்டத்தானே என்னை நார்விச்சுலேர்ந்து வரச் சொன்னீங்க?

— நான் எங்கம்மா சொன்னேன், தோரா? கமிட்டிக்காரங்க சொன்னாங்க. சர்ச் சாவி என்கிட்ட இருக்கு, அதோட சரி. கூரை ஒழுகுது, ஆள் அனுப்புங்கன்னு கேட்டா சுவரைச் சுரண்ட உன்னை அனுப்புறாங்க.

— ஷ்ஷ். பூச்சு உதிருது. கொஞ்சம் பேசாம இருங்களேன்.

— என் பொண்டாட்டி மேவிஸும் இதையேதான் சொல்வா. லண்டன்காரி. நான் வாயைத் தொறந்தாலே திருத்த வந்துடுவா. ராத்திரி பனி கொட்டுச்சுங்கிறதுக்கு நாங்க 'ஸ்நூ'ன்னு சொல்லுவோம். 'ஸ்நூ இல்ல, ஸ்நோட்'ம்பா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து திருத்தினா. கடைசி வரைக்கும் நான் திருந்தலை.

— நீங்க திருந்த வேண்டியதே இல்ல. அது பழைய இங்கிலீஷ் ரூபம். மத்தவங்க விட்டுட்டாங்க, இந்த நார்ஃபோக் பக்கம் மட்டும் விடலை.

— இதை ஜனவரிக்கு முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதா? அவ மூஞ்சி போற போக்கைப் பாத்திருப்பேன்.

— கிளெமன்ட்.

— என்ன?

— ரெண்டு எழுத்து வந்திருக்கு. ஒரு 'ஈ', ஒரு 'என்'. சொல்லோட வால்ல ஒட்டிக்கிட்டு நிக்குது. இடைவெளியே இல்ல.

— ரெண்டு எழுத்துக்கா இப்படி முகம் வெளுத்துப்போச்சு உனக்கு?

— இன்னிக்கு இங்கிலீஷ்ல நாம எப்படிப் பேசறோம்? ஒருத்தன் பாடினாலும் 'சாங்', ஊரே கூடிப் பாடினாலும் 'சாங்'. வித்தியாசமே இல்ல. அன்னிக்கு அப்படி இல்ல. ஒருத்தன் பாடினா மொட்டையா 'சாங்'. பல பேர் பாடினா அதுக்கு ஒரு வால் உண்டு. 'சாங்கென்'. அந்த வாலைப் பாத்தாலே பாடினது ஒருத்தரா பல பேரான்னு தெரிஞ்சுபோகும்.

— அப்ப இங்க?

— வால் இருக்கு. 'நான்'ங்கிற சொல்லை இங்க யாருமே கண்ணால பாத்ததில்ல, கிளெமன்ட். அது இருக்கவேண்டிய இடத்துல எவனோ பலகை மாட்ட ஆணி அடிச்சுப் பூச்சு பேந்துபோச்சு. எல்லாரும் 'நான்'னு தாங்களா வெச்சுக்கிட்டுப் படிச்சாங்க. இது 'பாடினேன்' இல்ல. 'பாடினோம்'.

— ...நிறுத்து.

— என்னாச்சு?

— சுரண்டினது போதும். மூடு அதை. திரும்பச் சுண்ணாம்பு அடிச்சுட்டுப் போ.

— கிளெமன்ட், உக்காருங்க முதல்ல. விளக்கைக் குடுங்க.

— உனக்கு இது எழுத்தும்மா. நான் மேவிஸைப் புதைச்சதுலேர்ந்து தினம் காலையில கதவைத் தொறந்து இந்தச் சுவருக்கு எதுக்கதான் உக்காந்திருக்கேன். பாதிரியார் வந்து ஆறுதல் சொன்னாரு. மக ஈவ்லின் போன்ல அழுதா. யார் சொன்னதும் உள்ள போகலை. சுவத்துல இருக்கிற இவன் ஒருத்தன்தான் எதுவும் சொல்லலை. இவனுக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒரு ஆளும் இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போறது என்னன்னு இவனுக்குத் தெரியும்னு.

— ம்.

— இவனுக்கும் துணை இருந்துச்சுன்னு சொல்றியே. அப்ப எனக்கு யாரும்மா இருக்கா?

— கிளெமன்ட், மூடச் சொன்னா மூட மாட்டேன், அது என்னால ஆகாது. ஆனா இன்னிக்கு நிறுத்திக்கறேன். ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு. குடிங்க.

— ...எத்தனை பேரு?

— தெரியாது. ரெண்டு பேராவும் இருக்கலாம், பத்துப் பேராவும் இருக்கலாம். வால் அவ்வளவுதான் சொல்லும்.

— செத்தவங்களை எல்லாம் இவங்கதான் புதைச்சிருப்பாங்க, இல்ல?

— வேற யாரு இருந்தா?

— புதைச்சுட்டு, கையில மண்ணோட உள்ள வந்து பாடியிருக்காங்க.

— இங்கதான். நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான் நின்னிருப்பாங்க. பழைய தரை இன்னும் கொஞ்சம் கீழ.

— மயிர்க்கூச்செறியுது தோரா. இங்க பாரு கையை. அந்த ஆளு சேந்து பாடினோம்னு தெளிவா எழுதி வெச்சிருக்கான். நாமதான் அந்த வாலைச் சுண்ணாம்பு பூசி மூடிட்டு, இத்தனை நூறு வருஷமா அவனைத் தனியா நிறுத்தி வெச்சிருக்கோம்.

— நானும்தான். படிச்ச காலத்துல இந்தச் சுவரைப் பத்திப் படிச்சுட்டு அழுதிருக்கேன்.

— எந்திரி. சுரண்டு.

— நிஜமாவா?

— விளக்கை நான் பிடிக்கறேன். சாய்ச்சுதானே? கீழ பாரு, அந்த வெள்ளை உப்பின இடத்துல. அங்கயும் ஏதோ நிழல் விழுது.

— ஆமா. பொறுங்க. பொறுங்க... இன்னொரு வரி. ஒரே ஒரு சொல். அதே சொல்லுதான், வாலோட. 'பாடினோம்'.

— எழுதினதையே ஏன் திரும்ப எழுதினான்?

— இது அவன் கை இல்ல, கிளெமன்ட். மேல இருக்கிறது பழகின கை, எழுத்து ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டுப் போகுது. இது கோணலா ஏறி இறங்குது. ஒவ்வொண்ணும் ரெண்டு பங்கு பெரிசு. நடுவுல இருக்கிற 'ஜி' முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது.

— திருப்பிக்கிட்டா? எங்க ஈவ்லின் அஞ்சு வயசுல அப்படித்தான் எழுதுவா.

— நீங்களே சொல்லிட்டீங்க.

— கடவுளே... ஊரே செத்துக்கிடக்கு, அந்த ஆளு இங்க மண்டி போட்டு உக்காந்து ஒரு பிள்ளைக்கு எழுதச் சொல்லிக் குடுத்திருக்கான், தோரா.