டிவியில் ஆறுமுகத்தின் பேர்

எனக்குப் படிப்பு குறைவு. காது மட்டும் இன்றைக்கும் நன்றாகக் கேட்கும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டாரோடு ஒரே ஹோட்டலில் தங்கிவிட்டுத் திரும்புகிறார்களாம்.

"டிவிக்கு என் பேரைப் போட்டிருந்தா நான் என்னம்மா செய்வேன்?" என்றார் அவர்.

"நம்ம ரூம் முன்னூத்தி மூணு. நான் பேசிப் பேசி எடுத்த நிச்சயதார்த்த வீடியோவை டிவிக்கு அனுப்ப, போன்ல முன்னூத்தி மூணு ஏ-வை ஏன் அமுக்குனீங்க?"

"ஏ-ன்னா ஆறுமுகம்னு நினைச்சேன்."

"சீனங்களுக்கு நாலு ராசியில்லன்னு ஹோட்டல்காரன் முன்னூத்தி நாலுக்கு அப்படிப் பேர் வச்சிருக்கான் லா! அது சம்பந்தி ரூம்! நம்ம டிவியில ஒண்ணும் வரல, என் குரல் செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்குது!"

"கதவுக்குக் கார்டு கேக்குறான். டிவியில வீடியோ போட்டா, நீ யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல."

"மாப்பிள்ளை அம்மா வாத்து மாதிரி நடக்குறாங்கன்னு அதுல சொல்லியிருக்கேனே! கல்யாணம் நின்னா, பிள்ளை மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவருடைய போன் அடித்தது. சம்பந்தி அம்மாள்தான். அவசரத்தில் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டார். பெட்டி முழுக்கக் கேட்டது.

"அண்ணே, வீடியோ தெளிவா இருந்துச்சு. கல்யாணத்துக்கும் அக்காவே மைக் பிடிக்கட்டும். நான் மேடைக்கு மெதுவா நடந்து வரேன், ஒண்ணு விடாம சொல்லச் சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, கல்யாணம் நடக்கும். வாத்துக்கு நல்ல மனசு."

"மெதுவாப் பேசுங்க. போனை இன்னும் வைக்கல."