யாரும் சாகாத வீடு

குளிர்காலத்தில் வீடு விற்க முகத்தோல் கொஞ்சம் தடிப்பாக இருக்க வேண்டும். கூரையில் ஆளுயரப் பனி நிற்கும். வாங்க வந்தவர்களுக்குக் கால்விரல் மரத்துப்போயிருக்கும். அந்த நேரத்தில் "காத்து எவ்வளவு சுத்தம் பாருங்க" என்று சொல்ல வேண்டும். நான் கூசாமல் சொல்வேன். யுனோஹாராவில் வீட்டுத் தரகன் நான் ஒருவன்தான். முதலிடமும் எனக்குத்தான், கடைசி இடமும் எனக்குத்தான்.

நீங்கள் டொகுனாகா ஐயாவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

பனிச்சறுக்கு மலையில் ஆட்களை உச்சிக்கு ஏற்றும் கம்பிவட நாற்காலி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய பிறகு தனியாள். மகள் இருக்கும் நகோயாவுக்கே போய்விடலாம் என்று வீட்டை என்னிடம் விற்கக் கொடுத்திருந்தார். அது விலைபோகாமல் கிடந்த காலமெல்லாம் அவர் கூரைப் பனியை நான்தான் தள்ளினேன். கூலி வாங்கியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"டேய் இசோகாய், வீட்டை விக்க வந்தியா, கூரையைப் பேக்க வந்தியா?" என்று கீழே நின்று கேட்பார். வேலை முடிந்ததும் கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார்.

இந்தக் குளிர்காலத்தில் டோக்கியோவிலிருந்து மியாசோனோ தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் சமையலறை ஜன்னல் வழியே மலையைப் பார்த்துவிட்டுப் பேச்சற்று நின்றாள். வாங்க வந்த பெண் பேசாமல் நின்றால் வீடு விற்றுப்போன மாதிரி. வாசலில் காலணி மாட்டும்போது மெல்லக் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. இந்த வீட்டுக்குள்ள யாரும் சாகலையே?"

எல்லோரும் கேட்பதுதான். கேட்டால் மறைக்கக் கூடாது, அது எங்கள் தொழில் விதி. முன்பு வேறு வீடுகளில் உண்மையைச் சொல்லியிருக்கிறேன்; அவை இன்றுவரை ஆளில்லாமல் இடிந்துகொண்டிருக்கின்றன. இந்த முறை நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன், "ஒருத்தரும் இல்லம்மா."

"நான் ஒருத்தன் பாக்கி இருக்கேன்," என்றார் ஐயா உள்ளேயிருந்து. "கவலைப்படாதம்மா. ரயில் ஏறுற வரைக்கும் உசுரைப் புடிச்சு வச்சுக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். ஒப்பந்தத்தில் முத்திரை வைக்க நாள் குறித்தோம்.

அதற்கு முந்தின நாள் காலை, பனி தள்ளப் போனேன். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கதவைத் திறந்தால் மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் பாயில் சுருண்டு கிடந்தார். உதடு நீலமாகியிருந்தது.

"வந்துட்டியா. நெஞ்சு என்னமோ பண்ணுதுடா."

கைபேசியைக் கையில் எடுத்தேன். அது சத்தியம். ஆம்புலன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வர வேண்டும். பனி தள்ளும் வண்டி மேலே வராத நாட்களில் அது பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்குள் இவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போனால் இந்தப் பாயிலேதான் போவார் என்றும் நினைத்தேன். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, உப்புமூட்டை தூக்குவதுபோல அவரை முதுகில் தூக்கிக்கொண்டேன்.

ஆம்புலன்ஸில் ஏற்ற வாசல்தான் வசதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நல்ல காரணங்கள் எனக்குச் சட்டென்று கிடைக்கும். தொழில் அப்படி.

"ரொம்பச் சிரமம் குடுக்கறேன்டா," என்றார் என் காதருகே. கனமே இல்லை.

தோட்டமும் வீட்டோடு சேர்த்தே விற்பனை. ஆகவே தோட்டத்தைத் தாண்டி, வேலிக்கு வெளியே ஊர்த்தெருவில் கிடத்தினேன். பனி மண்வெட்டியையும் பக்கத்தில் வைத்தேன். பனி தள்ளும்போது கிழவர்கள் விழுவது எங்கள் ஊரில் வழக்கம். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார். "அடுப்பு எரியுது. வீடு பத்திக்கிட்டா உன் பொழப்பு போயிடும். போய் அணைச்சுட்டு வா."

போனேன்.

வீடு கைமாறியது. சடங்குகள் முடிந்து ஐயாவின் மகள் ஒரு பெட்டி இனிப்போடு என் கடைக்கு வந்து குனிந்து வணங்கினாள். "அப்பாவைச் சொந்தப் புள்ள மாதிரி பாத்துக்கிட்டீங்க. கடைசியிலயும் நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க." எனக்கு இனிப்பு பிடிக்கும். அவள் எதிரிலேயே ஒன்றைத் தின்றேன். அது தொண்டையிலேயே நிற்கிறது. அதனால்தான் நானாக உங்கள் போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

அடுப்பை அணைக்க எவ்வளவு நேரம் ஆனது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பொத்தானை ஒரு தட்டு தட்டினால் போதும். அணைத்தேன். அறை வெதுவெதுப்பாக இருந்தது. அவர் கிடந்த பாயில் உட்கார்ந்தேன். வெளியே அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். திட்டவில்லை; கூரையில் நிற்கும் என்னைத் தேநீருக்குக் கூப்பிடும் அதே குரல். அது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் போன் செய்தேன்.

ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. எப்படி வந்தது என்று நான் ஆச்சரியப்படவில்லை. அவரைக் கிடத்தியபோதே, பனி தள்ளும் வண்டி வந்துபோன தெருவில் பனியே இல்லை.