ஓடாது, ஓட்டலாம்

— இஞ்சாருங்கோ, "கார் ஓடாது" எண்டு சொன்னா, வாங்க வாறவன் போனை வைக்காமல் என்ன செய்வான்?

— நான் பொய் சொல்லவில்லை, சிவனேஸ். "கார் ஓடுமோ?" என்று கேட்டான். ஓடுதல் தன்வினை. நாய் ஓடும், ஆறு ஓடும். காரை ஒருவர் ஓட்ட வேண்டும், அது பிறவினை. "ஓடாது, ஓட்டலாம்" என்று முழு வசனமாகத்தான் சொன்னேன்.

— முழு வசனத்தைக் கேக்க அவன் நிண்டால்தானே! அதுக்கு முந்தி எடுத்தவன், ஓடாத காரெண்டு பழைய இரும்பு விலை சொன்னவன். எல்லாரும் ஓடியிட்டினம். அவை ஓடினது தன்வினையோ, பிறவினையோ?

— அவர்களை நான் ஓட்டினேன். ஆகவே பிறவினை.

— பகிடி விடாதேங்கோ. கடைக் கண்ணாடியில ஒட்டின விளம்பரமும் உந்தக் கதைதான். "மகிழுந்து விற்பனைக்கு" எண்டு எழுதி வைச்சா, ஒரு மனுசி எடுத்து, சாப்பாட்டுக்கு முந்திக் குடிக்கிறதோ பிந்திக் குடிக்கிறதோ எண்டு கேக்கிறா.

— மகிழுந்தை மருந்து என்று வாசித்தது அவவின் பிழை. நான் எழுதினதில் பிழை இருந்தால் காட்டும், திருத்துகிறேன்.

— லண்டனில பஸ் ஓட்டின ஆளுக்கு ஏன் இவ்வளவு இலக்கணம்?

— பஸ் ஓட்டினதால்தான். வீதிக்கும் வசனத்துக்கும் ஒரே விதி. முன்னால் நிற்பது என்னவென்று பார்த்துத்தான் அடுத்ததை நகர்த்த வேண்டும். முப்பது வருடம் அந்தப் பெரிய வாகனத்தை ஓட்டினேன். ஒரு கீறல் உண்டோ?

— இல்லை. ஊருக்கே தெரியும். ஆனா இப்ப நீரிழிவால உங்கட வலது கால் மரத்துப் போச்சு. பிரேக்கில கால் இருக்கோ இல்லையோ எண்டே தெரியேல்லை எண்டு நீங்கள்தான் டொக்டருக்குச் சொன்னனீங்கள். லைசன்ஸும் போயிட்டுது.

— போகவில்லை. நான் அனுப்பினேன். ஒருவரும் என்னிடம் பறிக்கவில்லை. ஆருக்குச் சொன்னாலும் அதைச் சரியாகச் சொல்லும்.

— சரி, நீங்களாத்தான் அனுப்பினனீங்கள். பிறகேன் விடிஞ்சால் வெளியில போய் அந்தக் காரைத் தடவித் தடவித் துடைக்கிறீங்கள்? ஜன்னலால பாக்க எனக்கு நெஞ்சு பொறுக்குதில்லையப்பா. அது வாசலை விட்டுப் போனால்தான் உங்களுக்கு மனம் ஆறும். இன்ரநெற்றில கார் நம்பரைப் போட்டால் உடனே விலை சொல்லுவினமாம்.

— போட்டுப் பார்த்தேன். காரையே பாராமல் விலை சொல்கிறான். பெண்ணைப் பாராமல் சீதனம் பேசுகிறவனுக்கு நம் மகளைக் கொடுத்தோமா?

— அப்ப தர்மத்துக்குக் குடுப்பம். அவையே வந்து ஏத்திக்கொண்டு போய் ஏலத்தில விடுவினமாம்.

— ஏலத்தில் எடுப்பவன் நேரத்துக்கு எண்ணெய் மாற்றுவானோ, எண்ணெய் வற்றும்வரை ஓட்டுவானோ? ஆர் கண்டது?

— என்ர தங்கச்சியின்ர மகன் யனுஷன் கேட்டவன்.

— ஒரு கையில் ஸ்ரியரிங், மற்றக் கையில் போன். அவனுக்குச் சைக்கிளே கொடுக்கமாட்டேன்.

— அப்ப கார் உடைக்கிற இடம்தான் மிச்சம். தனுஷியா கதைச்சு ஒழுங்கு செய்திட்டாள். சனிக்கிழமை லொறி வருது.

— வராது. காலையிலேயே மகளுக்கு எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

— ஐயோ கடவுளே! உங்களுக்கும் ஓட்டேலாது. விக்கவும் விடுறியள் இல்லை, குடுக்கவும் விடுறியள் இல்லை, உடைக்கவும் விடுறியள் இல்லை. றோட்டில நிண்டு துருப்பிடிக்கவோ?

— துருப்பிடிக்காது. அதற்குத்தான் துடைக்கிறேன்.

— ஆருக்காக?

— வியாழக்கிழமை கிளினிக்கால் வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில், முன் இருக்கையில் இருந்தேன். செவன் கிங்ஸ் சந்தியில் 'எல்' பலகை போட்ட ஒரு சின்னக் கார் எதிர்ப்பக்கம் காத்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மனுசி. பொட்டு, மூக்குத்தி, போன மார்கழிக்கு நான் வாங்கிக் கொடுத்த பச்சைக் கம்பளிச் சட்டை.

— அது... அது வந்து... நீங்கள் கால் மரத்து வீட்டில இருக்கேக்குள்ள, நான் போய்ப் பழகிறன் எண்டு எப்பிடியப்பா சொல்லுறது? நோவியள் எண்டுதான்...

— பொறும். நான் இன்னும் முடிக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நீர் அசையவில்லை. எங்கள் பஸ்ஸை முதலில் விட்டீர். கண்ணாடியைப் பார்த்தீர். அதற்குப் பிறகுதான் திரும்பினீர். நீர் லைசன்ஸ் எடுக்கும் நாள்வரை அந்தக் காரை ஒருவனும் தொட ஏலாது.

— அழுகிறியளே?

— இல்லை. அண்டைக்குப் பஸ்ஸில் பக்கத்து இருக்கை வெள்ளைக்காரன்தான் பயந்து எழும்பினவன். எனக்கு அந்த நேரம் இங்கிலிசும் வரேல்லை, இலக்கணமும் வரேல்லை. கத்திப்போட்டன், சிவனேஸ்: "உங்கை பாரடா, அது என்ர மனுசி!"