குணமாகிவிட்ட பதினேழு பேர்

ஐயா, என் கையெழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் இந்தச் சிங்கப்பூரில், சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கும் எங்கள் தரும மருந்தகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அரசாங்கத்துக்குப் போகும் கடிதமெல்லாம் என் கையால்தான் போகும். அந்தச் சிறு மானியத்துக்கு விண்ணப்பம் எழுதியதும் நான்தான்.

1961-இல் வந்த மானியம் அது. காசநோய்க்காரர்களில் நாற்பது பேருக்குத் தாதி வீடு தேடிப் போய் ஊசி போட வேண்டும். வேறு நாற்பது பேர் தாங்களாகவே மருந்தகத்துக்கு வர வேண்டும். யார் விடாமல் மருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஓராண்டு பார்த்து எழுத வேண்டும். பணம் கொஞ்சம்தான், தாதி நஃபீசாவின் சம்பளத்துக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடும். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். என் மனைவி லீலாவின் பெயர் வீட்டுப் பட்டியலில் விழுந்தது. அன்று கோயிலுக்குப் போய் நெடுநேரம் நின்றேன்.

அதற்கு முன் ஒருமுறை அவளை மாடியிலிருந்து இறக்கி டிரைஷா வண்டியில் ஏற்றியபோது வழியெல்லாம் இரத்தம் கக்கினாள். நஃபீசா வரத் தொடங்கிய பிறகுதான் சுவரைப் பிடித்து நாலடி நடந்தாள். இரண்டு ஆண்டாவது ஊசி வேண்டும் என்றார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பட்டியலும் ஒன்றுபோல இருந்தன. நம் சனங்கள் அடுத்தடுத்த அறைகளில் குடியிருப்பவர்கள். நஃபீசா ஒரு கதவைத் தட்டினால், "ஊசிக்கார அம்மா வந்துட்டாங்க, நீயும் மருந்துக்குக் கிளம்பு" என்று பக்கத்து அறைக்காரரை விரட்டிவிடுவார்கள். வராமல் நின்றவர் ஒருவருமில்லை.

டாக்டர் சேதுபதி தாளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வித்தியாசமே இல்லையே தங்கராஜு. அடுத்த வருசம் தர மாட்டாங்க லா. நஃபீசாவ நிறுத்திட வேண்டியதுதான்."

நஃபீசா நின்றால் லீலாவுக்கு ஊசியும் நின்றுவிடும். எண்களை மாற்றி எழுதலாமா என்றுகூட யோசித்தேன். மனம் ஒப்பவில்லை. அரசாங்கத்துக்குப் பொய் எழுதிக் கொடுப்பது குற்றம்.

நோயாளிகளின் அட்டை ஆங்கிலத்தில் இருக்கும். அடுத்து வர வேண்டிய தேதியை நான்தான் படித்துச் சொல்வேன். நாலைந்து மாதம் மருந்து எடுத்தால் இருமல் நின்று உடம்பு தேறும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். அப்படித் தேறியவர்களாகப் பார்த்து, தாமாக வரும் நாற்பது பேரில் பதினேழு பேரிடம், "உங்களுக்குக் குணமாயிடுச்சு, இனிமே வர வேண்டாம்" என்றேன். அவர்கள் வராமல் போனதை டாக்டரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்ம ஆளுங்க இப்படித்தான் என்றார்.

அந்தப் பதினேழு பேரில் ஒருத்தி, தெருக்கூட்டும் வேலை பார்த்த முத்தாயி, அதைக் கேட்டு அழுதே விட்டாள். மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழமும் கல்கண்டும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, புள்ளைய இனிமே பக்கத்துல போட்டுக்கலாங்களா? அஞ்சு மாசமா தொடாம இருக்கேன்."

"தாராளமா போட்டுக்கம்மா."

கல்கண்டை லீலாவுக்குக் கொடுத்தேன்.

புது விண்ணப்பத்தில் இருந்த எண்கள் அத்தனையும் உண்மை. வீட்டுக்குப் போனால் நோயாளி மருந்தை விடுவதில்லை, போகாவிட்டால் விட்டுவிடுகிறான். மானியம் இன்னும் ஓராண்டுக்குக் கிடைத்தது. அந்தப் பதினேழு பேரில் இதுவரை ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். முத்தாயியின் பிள்ளையைச் சேர்த்தால் ஏழு. பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லாததால் நான் எழுதவில்லை.

பிள்ளைக்கு இருமல் கண்டபோது முத்தாயி என் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் வேலையில் இருந்தேன். "எனக்குக் குணமாயிடுச்சுன்னு அண்ணன்தானே சொன்னாரு" என்று லீலாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். லீலா அன்று மாலை என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நான் மறைக்கவில்லை.

அதிலிருந்து நஃபீசா வந்தால் லீலா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிறாள். "அந்தப் பொம்பளைக்கு இல்லாத ஊசி எனக்கு வேண்டாம்" என்கிறாள். மூன்று வாரமாகிவிட்டது, ஐயா. நேற்று மறுபடியும் இரத்தம் வந்தது.

நான் எதையும் மறுக்கவில்லை; அவர்களைக் கொன்றது நான்தான் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒருமுறை என் வீட்டுக்குப் போய், கையை நீட்டும்மா என்று அவளிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்பாள். அவள் மட்டும் பிழைத்துவிட்டால், நான் செய்தது தப்பே இல்லை என்று ஆகிவிடும்.