பச்சைத் துணியில் மஞ்சள் பறவை

மைக்கை அணைக்க மறப்பது என் பழைய வியாதி, ஐயா. எடோ மாநிலத்தில் எங்களுடையது காட்டோரத்துக் குட்டி ஸ்டேஷன். டிக்கெட் கொடுப்பதும் அறிவிப்பு செய்வதும் நான் ஒருவனே. அன்று வாரி நகரம் போகும் ரயிலை அறிவித்துவிட்டு, பக்கத்தில் இருந்த காவல்காரரிடம் புலம்பினேன்.

“ஜெனரேட்டர் ரிப்பேர் பண்றவனுக்குக்கூட இட்டுவா கல்யாணத் துணி குடுத்துட்டான். எனக்கு ஒரு கைக்குட்டை அளவுகூட இல்ல.”

பிளாட்பாரம் முழுவதும் கேட்டது. வறுத்த வாழைக்காய் விற்கும் அம்மாள் சன்னலில் தலையை நீட்டினாள். “அழாதடா எபோசெலே, என் தலைத்துணிய அவுத்துத் தரேன், சட்டை தச்சுக்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

எங்கள் பக்கம் கல்யாணமென்றால் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் ஒரே துணியில் தைத்துப் போடுவார்கள். துணி வந்தால் நீ சொந்தம். வராவிட்டால் சாப்பிட வந்தவன். இட்டுவா என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். கல்யாணப் பெண் ஓஃபுரே முதன்முதலாக டிக்கெட் வாங்க வந்தபோது, இட்டுவாவுக்குப் பக்கத்து இருக்கையை அவளுக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான். எனக்குத் துணி வரவில்லை.

முன்பே அவனிடம் கேட்டுப் பார்த்தேன். “வேலை தலைக்கு மேல கெடக்குடா, அப்புறம் பேசலாம்” என்றான். அவன் அக்கா இசியிடம் கேட்டேன். “மொதல்ல சாப்பிடு” என்று கிழங்குக் களியைத் தட்டில் போட்டாள். சாப்பிட்டேன்.

மைக்கில் புலம்பிய மறுநாள் கறுப்புத் தொப்பிக்காரர் ஒருவர் என் சன்னலுக்கு வந்தார். டிக்கெட் கேட்கவில்லை. “நேத்து மைக்குல கேட்டேன். உங்க மனசு எனக்குப் புரியுதுண்ணே” என்றார். துணி கொடுக்க ஆரம்பித்த இரண்டு வாரத்தில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். போன வருடம் பள்ளி ஆசிரியர் ஒருவரைச் சாலையிலிருந்து தூக்கிப்போனவர் இவர் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

“மாப்பிள்ளையை ரெண்டு நாள் காட்டுல உக்கார வச்சு அனுப்பிடறோம். கல்யாணத் தேதி தப்பிப்போகும், அவ்வளவுதான். ஆள் அடையாளம் சொல்லுங்க.”

“பச்சைத் துணி. மஞ்சள் பறவை போட்டது” என்றேன்.

இட்டுவா ஆறடி உயரம். இடது கன்னத்தில் தழும்பு. அதெல்லாம் ஏனோ வாயில் வரவில்லை. “இது போதுமாண்ணே?” என்று அவர் இன்னொரு முறை கேட்டார். போதும் என்றேன். ஒரு ஆளுக்கு ஒரு அடையாளம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் அதே துணியில்தான் வருவார்கள் என்பது தெரியாதா என்று கேட்கிறீர்கள். என்னைவிட அது யாருக்குத் தெரியும், ஐயா?

சனிக்கிழமை மாலை ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று எனக்குப் போன் வந்தது. அறிவித்திருந்தால் ஜனங்கள் ஊருக்குள் போயிருப்பார்கள். அப்படி ஏதாவது ஆனால் வாயைத் திறக்க வேண்டாம் என்று தொப்பிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். அன்று மைக்கை மறக்காமல் அணைத்து வைத்தேன்.

கல்யாணத்துக்கு ரயிலேற வந்த மாப்பிள்ளை வீட்டார் பிளாட்பாரத்தில் முப்பத்தொரு பேர், குழந்தைகள் உட்பட. எங்கே பார்த்தாலும் மஞ்சள் பறவைகள். அழகாகத்தான் இருந்தது.

துப்பாக்கிகளோடு புதருக்குள்ளிருந்து வந்தார்கள். வானத்தை நோக்கி நான்கு முறை சுட்டார்கள். பச்சைத் துணி உடுத்தியவர்களை மட்டும் பிரித்து நடத்திக்கொண்டு போனார்கள். ஒருவன் என் சன்னலில் எட்டிப் பார்த்தான். என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் போய்விட்டான். மறைக்காமல் சொல்கிறேன், அந்தத் துணி என் மேல் இல்லையே என்று அந்த நேரத்திலும் எனக்கு உறுத்தியது.

இரண்டு நாள் என்றது முப்பத்தெட்டு நாளாயிற்று. முப்பது பேர் திரும்பினார்கள். இசி அக்காவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியாதவளை மூன்றாம் நாள் ஒரு மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார்களாம். துக்க வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக அழுதவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று இட்டுவாவை இந்த லாக்கப்புக்கு என்னிடம் அழைத்து வந்தீர்களே. பாதியாக இளைத்திருந்தான். ஏன் செய்தாய் என்று அவன் கேட்கவே இல்லை. நான்தான் கேட்டேன்.

“இப்பவாச்சும் சொல்லு இட்டுவா. எனக்கு ஏன்டா துணி குடுக்கல?”

அவன் கண்ணில் கோபம் இல்லை. எதையோ நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பவன் போல வெகுநேரம் என்னையே பார்த்தான்.

“மறந்துட்டேன்டா” என்றான்.